நம் பெயரில் வசூல், யாருக்குக் கணக்கு?

(மாங்காட்டில் இளைஞர்கள் நடத்திவரும் மாலைநேரப் படிப்பகம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன சில ஆண்டுகளும் எண்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)



இந்தப் படிப்பகத்தை இவ்வளவு நாள் பதிவு இல்லாமல், ரசீதுப் புத்தகம் இல்லாமல் நடத்திவிட்டீர்கள். மாதம் பிறந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, கரண்ட் பில் கட்டி, நோட்டு வாங்கி ஓட்டியிருக்கிறீர்கள். இப்போது வெளியிலிருந்து ஒருவர் உதவி செய்ய வந்திருக்கிறார். "டிரஸ்ட்டாகப் பதிவு செய்யுங்கள், 80ஜி வாங்குங்கள், பணத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார். டிரஸ்ட் பத்திரத்தின் வரைவைக்கூட அவரே அனுப்பிவிட்டார். அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

இதற்கு ஒரு ஆடிட்டர் போதுமே, ஆராய்ச்சி மாணவி எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பதிவுக்கான படிவங்களை ஆடிட்டர் நன்றாகவே நிரப்பித் தருவார். நான் பேச வந்தது அந்தப் படிவத்தில் யார் பெயர் வரவேண்டும் என்பதைப் பற்றி. தலித் மக்களின் பெயரால் 1920க்கும் 1950க்கும் இடையில் இயங்கிய அமைப்புகளை யார் நிர்வாகம் செய்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதுதான் என் ஆய்வு. அந்தப் பழைய கணக்குகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. நம் பெயரால் வந்த பணத்தைத் திருடியவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு பைசா திருடாமல், ரசீதோடு, தணிக்கையோடு, நம்மைக் கேட்காமலே நமக்காகச் செலவு செய்தவர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

முதலில் திலகர் சுயராஜ்ய நிதி. 1921இல் காங்கிரஸ் ஒரு கோடி ரூபாய் திரட்டுவதாக அறிவித்து, திரட்டியும் காட்டியது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். தீண்டாமை ஒழிப்பு என்பது காங்கிரசின் நிர்மாணத் திட்டத்தில் ஒன்று; 1922 பிப்ரவரியில் பர்தோலியில் கூடிய செயற்குழு அதைத் தீர்மானமாகவே போட்டது. அதற்காக ஒரு துணைக்குழுவும் அமைத்தார்கள். அதில் இருந்தவர் சுவாமி சிரத்தானந்தர். நம் ஆள் அல்ல, ஆரிய சமாஜத்துக்காரர். அவர் கேட்டது எளிமையான விஷயம்: வேலைக்கு எவ்வளவு பணம், யார் கையில், எப்போது கொடுப்பீர்கள்? இதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு விலகிவிட்டார். 1923இல் இந்த வேலையை இந்து மகாசபை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு காங்கிரஸ் கையைக் கழுவிக்கொண்டது.

இந்தக் கதை நமக்குத் தெரிவதே அண்ணல் அம்பேத்கரால்தான். 1945இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாத மக்களுக்குச் செய்தது என்ன' நூலில் காங்கிரசின் சொந்தக் கணக்கு அறிக்கைகளையே எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் காட்டுகிறார். நிர்மாணத் திட்டத்துக்காகச் செலவான தொகை சுமார் 49.5 லட்சம் ரூபாய். அதில் தீண்டப்படாத மக்களுக்கென்று போனது 43,381 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

அம்பேத்கரைச் சட்ட மேதை என்று சொல்கிறோம், அவர் பொருளாதார ஆய்வாளர் என்பதை மறந்துவிடுகிறோம். அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தது பொதுநிதியும் பணவியலும். ஒரு அமைப்பு மேடையில் என்ன பேசுகிறது என்பதோடு அவர் நிற்பதில்லை, அதன் வரவு செலவைப் புரட்டுகிறார். தீர்மானம் அழகாக இருக்கும், பட்ஜெட்டில் அந்தத் தீர்மானத்துக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்தால்தான் அதன் எடை தெரியும். நாம் அவரிடமிருந்து கற்க வேண்டிய பழக்கங்களில் இது முக்கியமானது.

இனி இரண்டாவது கதை. நமக்கு இன்றைக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான்.

1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித் தொகுதிகள் போயின. அடுத்த சில நாட்களில், செப்டம்பர் 30ஆம் தேதி பம்பாயில் கூட்டம் போட்டு ஒரு அகில இந்திய அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் அதன் பெயர் தீண்டாமை எதிர்ப்பு லீக். பிறகு ஹரிஜன சேவக சங்கம் ஆனது. தலைவர் ஜி.டி. பிர்லா, பொதுச் செயலாளர் அ.வி. தக்கர். தொடக்கத்தில் மத்தியக் குழுவில் அம்பேத்கர் இருந்தார், நம் ஊர் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் இருந்தார்கள்.

அந்த நவம்பரில் அம்பேத்கர் மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். நவம்பர் 14ஆம் தேதி, போர்ட் செய்துக்கு அருகே கப்பலில் இருந்தபடி, தக்கருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதுகிறார். இந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்கிறார். ஒன்று, குடிமை உரிமைகள்: பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க, பொதுப் பள்ளியில் சேர, ஊர்த் தெருவில் நடக்க நாடு முழுக்க இயக்கம். இரண்டு, வேலை: ஆலைகளிலும் கடைகளிலும் சாதியின் பேரால் அடைபட்டிருக்கும் வேலைகளைத் திறந்துவிடுவது. மூன்று, சமூகப் புழக்கம்: வீட்டுக்குள் விருந்தாளியாகவும் வேலையாளாகவும் ஏற்றுக்கொள்ளச் செய்வது. தனிமனிதர்களை நல்லவர்களாக்கும் வேலையில், மது வேண்டாம் என்று புத்தி சொல்வதில், பணத்தையும் ஆளையும் கரைக்காதீர்கள். சூழலை மாற்றுங்கள் என்றார். இந்த வேலைகளுக்குத் தீண்டப்படாத மக்களிலிருந்தே ஊழியர்களை எடுங்கள், அவர்களுக்குத்தான் இது சொந்த வேலையாக இருக்கும் என்றும் எழுதினார்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. சீக்கிரமே அம்பேத்கர் அந்த அமைப்பிலிருந்து விலகிவிட்டார்.

சங்கம் பள்ளி நடத்தியது, உதவித்தொகை கொடுத்தது, விடுதி கட்டியது, தனிக் கிணறு வெட்டியது. இவற்றால் பயன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விடுதிகளில் படித்து மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தனிக் கிணறு வெட்டினால் ஊர்ப் பொதுக் கிணறு அப்படியே ஊர்க்காரர்களிடம் இருக்கும். யாரும் யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. பணம் கொடுத்தவருக்கும் சங்கடம் இல்லை. 1932 கடிதத்தில் முதல் இடத்தில் இருந்த உரிமைப் போராட்டம் எங்கே காணாமல் போனது என்பதற்கு இந்தக் கிணறுதான் பதில்.

நிர்வாகத்துக்கு வருவோம். சங்கத்தின் குழுக்களில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று தீண்டப்படாத மக்கள் காந்தியிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். அவருடைய பதில் இப்படிப் போனது: இது சாதி இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம். கடன்பட்டவர்கள் அவர்கள், கடனைத் தீர்க்க வேண்டியவர்களும் அவர்களே, பணமும் அவர்கள் கொடுத்தது. ஆகவே அவர்கள்தான் நடத்த வேண்டும். நீங்கள் வேண்டுமானால் ஆலோசனைக் குழுக்கள் அமைத்துக்கொள்ளுங்கள்.

காந்தியின் நேர்மையில் நான் சந்தேகம் எழுப்பவில்லை. 1933 நவம்பரில் தொடங்கி 1934 ஆடி மாதம் வரை நாடு முழுக்கச் சுற்றி சுமார் 8 லட்சம் ரூபாய் திரட்டினார். தமிழ்நாட்டுக்கும் வந்தார். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள், கையெழுத்துக்குக்கூடக் காசு வாங்கி நிதியில் சேர்த்தார். பொதுப் பணத்தில் அவர் எவ்வளவு கறாரானவர் என்பது அவரோடு முரண்பட்டவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்த எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கணக்கு சரியாக இருந்தது. ஆனாலும் யாருக்காக அந்தப் பணமோ அவர்களுக்கு அதன் மேல் அதிகாரம் இல்லை. அவருடைய உவமையையே எடுத்துக்கொள்வோம். கடன்பட்டவர் திருப்பிக் கொடுக்கும்போது, அசல் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று சரிபார்க்க வேண்டியவர் கடன் கொடுத்தவர் இல்லையா? கடன் கொடுத்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, கடன்பட்டவரே தவணையும் குறித்து, தீர்ந்துவிட்டது என்று அவரே சீட்டும் எழுதினால் அதற்குப் பெயர் என்ன? அம்பேத்கர் தன் நூலில் ஹரிஜன சேவக சங்கத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு 'அரசியல் தருமம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அன்பால் மக்களைத் தன்னோடு கட்டிப்போட்டு, அவர்களுடைய சுயேச்சையான அரசியலை முடக்கும் ஏற்பாடு என்றுதான் அதைப் பார்த்தார்.

அப்படியானால் அம்பேத்கர் வெளியார் பணத்தையே தொட மாட்டேன் என்றாரா? இல்லை. 1924இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவர் சர் சிமன்லால் செதல்வாட், உயர்சாதி வழக்கறிஞர். துணைத் தலைவர்களிலும் பார்சிகளும் மற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அன்றாட நிர்வாகம் நடந்தது நிர்வாகக் குழுவில். அதன் தலைவர் அம்பேத்கர், செயலாளர் சிவ்தர்க்கர். கௌரவப் பதவி நண்பர்களுக்கு. தீர்மானமும் கையெழுத்தும் நம்மவர்களுக்கு. நண்பர்களை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, எந்த நாற்காலி யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

இப்போது இன்றைக்கு வருவோம்.

நாற்காலி விஷயத்தில் நம் சட்டங்கள் எவ்வளவு வேடிக்கையானவை என்று பாருங்கள். இதே மாங்காட்டில் காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது. அறநிலையத் துறையின் கீழ் வரும் கோயில். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் துறையின் ஆணையர் முதல் அலுவலர்கள் வரை இந்துவாகத்தான் இருக்க வேண்டும். அறங்காவலர் குழு அமைத்தால் அதில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவரும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நல்ல விதி. போராடி வந்த விதி. ஆனால் முஸ்லிம்கள் தங்கள் சொத்தை அறத்துக்கென்று எழுதி வைத்த வக்ஃபுக்கு என்ன விதி? 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மத்திய வக்ஃப் கவுன்சிலிலும் மாநில வாரியங்களிலும் முஸ்லிம் அல்லாதவர்களை உட்கார வைக்கிறது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று இடைக்கால உத்தரவில் கவுன்சிலில் 22 பேரில் 4 பேருக்கு மேல் கூடாது, வாரியத்தில் 11 பேரில் 3 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது.

1932இல் நம்மிடம் "பணம் கொடுத்தவருக்குத்தான் நாற்காலி" என்றார்கள். வக்ஃபில் சொத்தைக் கொடுத்தவர்கள் முஸ்லிம்கள். அந்த நியாயப்படி நாற்காலி முழுக்க அவர்களுக்குத்தானே வரவேண்டும்? அங்கே மட்டும் "வெளிப்படைத்தன்மை வேண்டும், மற்றவர்களும் வரட்டும்" என்கிறார்கள். ஆக, விதி ஆளுக்கு ஏற்ப மாறுகிறது. வக்ஃபில் முறைகேடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஏழை முஸ்லிம்களும் பஸ்மந்தா முஸ்லிம்களும் பெண்களும் கணக்குக் கேட்க வேண்டும், கேட்கிறார்கள். கேட்பவர் யார் என்பதுதான் விஷயம்.

நம் பெயரில் நடக்கும் அறக்கட்டளைகளுக்கு என்ன விதி? தலித் மேம்பாடு என்று பெயர்ப் பலகை வைத்த ஒரு டிரஸ்ட்டில் ஒரே ஒரு தலித்கூட டிரஸ்டியாக இல்லாமல் இருக்கலாம், சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

முதுகலை முடித்ததும் நான் கொஞ்ச காலம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். ஆண்டறிக்கை பளபளவென்று ஆங்கிலத்தில் வரும். ஒருமுறை அதன் அட்டையில் காலனியைச் சேர்ந்த ஒரு அம்மாவின் படம் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, எங்க பேரச் சொல்லி எவ்ளோ வாங்கறாங்க?" எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ் விஷயம், ஃபீல்டு வேலையை மட்டும் பாருங்க" என்றார்கள். அந்தக் கணக்கு நிதி கொடுத்தவருக்குப் போனது, தில்லிக்குப் போனது, வருமான வரித் துறைக்குப் போனது. அட்டையில் முகம் இருந்த அம்மாவுக்கு மட்டும் போகவில்லை.

"தோழர், இப்போது இதைப் பேசலாமா? அரசே நம் அமைப்புகளை நசுக்குகிறதே. நாமும் கணக்குக் கேட்டால் அவர்களுக்கு வசதியாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் அரசு என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ., முதலில் வந்தது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில். 2010இல் புதுச் சட்டம். 2020இல் திருத்தம். அந்தத் திருத்தத்தின்படி வெளிநாட்டு நிதி முழுவதும் முதலில் தில்லி நாடாளுமன்ற வீதியில் இருக்கும் ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவின் உச்ச வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு அமைப்பு தான் பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது. 2022இல் உச்ச நீதிமன்றமும் இதைச் சரி என்றது. கேட்பதற்கு ஒழுங்குமுறை போலத் தெரியும். ஆனால் யாருக்கு வலிக்கிறது என்று பாருங்கள். மருத்துவமனை கட்டும் நிறுவனத்துக்குச் செங்கல்லும் சிமெண்டும் செலவுக் கணக்கில் போகும். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போய் உண்மை அறிந்து, வழக்குப் போட்டு, சாட்சிகளுக்குத் துணை நிற்கும் அமைப்புக்கு ஆட்கள்தான் மூலதனம், பயணமும் சம்பளமும்தான் வேலை. பெரிய நிறுவனத்திடமிருந்து கொஞ்சம் நிதி பெற்று இயங்கிய கிராமத்துச் சிறு அமைப்புகளுக்கோ அந்தக் குழாயே அடைபட்டுவிட்டது.

மதுரையில் 1995இல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் காவல்துறைச் சித்திரவதைக்கு எதிராக இத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறது. 2012இல் அதன் வெளிநாட்டு நிதி அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது, 2016இல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. குஜராத்தில் மார்ட்டின் மக்வான் 1989இல் தொடங்கிய நவ்சர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் தீண்டாமையின் வடிவங்களைக் கணக்கெடுத்து 2010இல் அறிக்கையாக வெளியிட்டது. 2016 டிசம்பரில் அதன் அனுமதியும் ரத்தானது. ஊழியர்களை அனுப்ப வேண்டிவந்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டு நிதிச் சட்டத்தை பா.ஜ.க.வும் காங்கிரசும் மீறியதாக 2014இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு என்ன செய்தது? சட்டத்தையே திருத்தியது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் அந்தத் திருத்தத்தை 1976 ஆகஸ்டிலிருந்தே செல்லும் என்று பின்தேதியிட்டுக் கொண்டார்கள். கட்சிகளுக்கு நாற்பது ஆண்டுக்கும் மேல் மன்னிப்பு. நவ்சர்ஜனுக்கு ஒரே உத்தரவு. ஆகவே அரசு கேட்பது கணக்கு அல்ல, மௌனம். இதில் நமக்குக் குழப்பம் வேண்டாம்.

ஆனால் அரசு தவறான நோக்கத்தோடு கேட்கிறது என்பதால், அட்டையில் இருந்த அந்த அம்மாவின் கேள்வி தவறாகிவிடுமா? தில்லியில் ஒரு அதிகாரியின் கையெழுத்தில் ஒரு அமைப்பின் மூச்சு நின்றுவிடுகிறது என்றால், அந்த மூச்சு எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று யோசிக்க வேண்டும். மக்களின் காசும் வாக்கும் இல்லாத அமைப்புக்கு ஆபத்து வரும்போது மக்கள் அனுதாபப்படுவார்கள், தெருவுக்கு வரமாட்டார்கள். தன் வீடு இடிபட்டால்தான் மனிதர் ஓடி வருவார்.

நவ்சர்ஜனின் கதை அந்த ரத்தோடு முடியவில்லை. மக்வானும் தோழர்களும் நடத்தும் தலித் சக்தி கேந்திரத்தின் முயற்சியில் மக்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். அவற்றை உருக்கி ஆயிரம் கிலோவுக்கும் மேல் எடையுள்ள பெரிய நாணயம் ஒன்றை வார்த்தார்கள். 1947இல் கண்ட தீண்டாமையற்ற இந்தியா என்ற கனவு 2047இலாவது நனவாகுமா என்று அதில் பொறித்தார்கள். ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயமும் திரட்டிக்கொண்டு 2022 ஆகஸ்டில் தில்லிக்குக் கிளம்பினார்கள். புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு இது எங்கள் பங்கு என்றார்கள். வழியிலேயே தடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சமையலறைப் பாத்திரத்தை ரத்து செய்ய எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

வெளிநாட்டுப் பணம் குறைந்த இடத்தில் இப்போது சி.எஸ்.ஆர். பணம் வருகிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம்மைச் சுற்றி அம்பத்தூர், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள். உங்களைத் தேடி அந்தப் பணம் வரலாம். வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்மார்ட் போர்டு கிடைக்கும், கழிப்பறை கிடைக்கும், பெயிண்ட் அடித்துத் தருவார்கள். அதே நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் உங்கள் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினால் இந்தப் படிப்பகத்தில் கண்டனக் கூட்டம் போட முடியுமா? போர்டை வாங்குவதற்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நம் காலத்துத் தனிக் கிணறு.

சரி, டிரஸ்ட்டா, சங்கமா?

உங்களுக்கு வந்த வரைவைப் படித்தேன். டிரஸ்ட் பத்திரம் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாளில் முடிகிற வேலை. வரைவில் நிர்வாக அறங்காவலர் ஆயுட்காலத்துக்கு. அவருக்குப் பிறகு யார் என்பதை அவரே நியமிப்பார். மற்ற டிரஸ்டிகளை நீக்கும் உரிமையும் அவருக்கே. படிப்பகத்தில் இன்றைக்கு வேலை செய்யும் உங்களுக்கு அதில் இருக்கும் பெயர் 'தன்னார்வலர்கள்'. வாக்கு கிடையாது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பொது அறக்கட்டளைகளுக்கு 1950ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம், அறநிலைய ஆணையர் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் மதம் சாராத பொது டிரஸ்ட்டுகளுக்கு அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. நாளைக்கு முறைகேடு நடந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில், அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போடலாம். யார் போடுவார்கள், எத்தனை வருடம் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிவு செய்தால் குறைந்தது 7 பேர் வேண்டும். செயற்குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, அதன்பின் மறுபடி தேர்வு. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டி வரவு செலவை உறுப்பினர்கள் முன்னால் வைக்க வேண்டும். பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். வேலை அதிகம்தான். சண்டையும் வரும். டிரஸ்ட் நடத்துவது சுலபம் என்பதே அதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டிய காரணம்.

சங்கம் என்று பதிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. கையெழுத்துக்கு மட்டும் உறுப்பினர், பொதுக்குழுவே கூடாமல் மினிட் புத்தகம் மட்டும் நிரம்பும் சங்கங்கள் ஏராளம். சட்டம் கொடுப்பது கதவு மட்டும். அதனால் துணைவிதிகளில் இவற்றை நீங்களே எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயற்குழுவில் பெரும்பான்மை இந்தக் காலனியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பொருளாளர் ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. மகளிர் குழுக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் வைக்கும் அக்காக்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களைவிடச் சிறந்த பொருளாளர் நமக்குக் கிடைக்க மாட்டார். நன்கொடை கொடுக்கும் நண்பர்கள் ஆலோசகர்களாக இருக்கட்டும். மொத்த வருமானத்தில் இத்தனை பங்குக்கு மேல் ஒரே ஆளிடம் வாங்குவதில்லை என்று வரம்பு போடுங்கள். அப்போதுதான் ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் விளக்கு எரியும். கணக்கு தமிழில் இருக்கட்டும். மாதா மாதம் வெள்ளைத் தாளில் எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை தன் பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டட்டும், அதுவும் பாடம்தான். ஒவ்வொரு வீட்டிலும் மாதம் 20 ரூபாயாவது உறுப்பினர் சந்தா வாங்குங்கள். அந்த 20 ரூபாயில் படிப்பகம் நடக்காது, எனக்கும் தெரியும். ஆனால் அதைக் கொடுத்தவர் அடுத்த மாதம் சுவருக்கு முன்னால் வந்து நிற்பார். "எங்க பேரச் சொல்லி எவ்ளோ வாங்கறீங்க?" என்று கேட்பார். அப்போது "ஆபீஸ் விஷயம்" என்று யாரும் சொல்ல முடியாது.

உதவ வந்த அந்த நண்பரிடமும் இதையே சொல்லுங்கள். உங்கள் பணம் வேண்டும், பத்திரம் மட்டும் நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். உண்மையான நண்பர் என்றால் சந்தோஷப்படுவார். கோபித்துக்கொண்டால், நல்லவேளையாகக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது.

முடிப்பதற்கு முன் ஒன்று. 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், இந்த நாட்டுக்கு நாடாளுமன்ற முறை புதிதல்ல என்றார். பௌத்த பிக்கு சங்கங்களை எடுத்துக்காட்டினார். யார் எங்கே உட்கார வேண்டும், தீர்மானம் எப்படிக் கொண்டுவர வேண்டும், எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், வாக்கை எப்படி எண்ண வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே விதிகள் இருந்தன என்றார். சங்கம் என்ற சொல்லுக்குள் அந்த வாக்கெடுப்பு இருக்கிறது. பதிவுப் படிவத்தில் உங்கள் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லை எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்விகள் இருக்கும், கேளுங்கள்.